உன் அப்பா, என் அப்பா

சாமோவாவில் உள்ள வைலோதோ ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் ஊருக்காக எழுதுகிறவள் ஒருத்திதான், ஃபுவதினோ. தேவாலயத்தில் ஞாயிறன்று கொடுக்கிற அறிவிப்புத் தாள், பெண்கள் குழுவின் கூட்டச் செய்தி, ஆக்லாந்திலும் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் போய்க் குடியேறிவிட்ட பாதி ஊருக்கு அனுப்புகிற குறுஞ்செய்தி என்று எல்லாமே அவள் கை வழியாகத்தான் போகும். மாவட்டப் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அமெரிக்க சாமோவாவின் பாகோ பாகோவுக்கு மீன் டப்பா ஆலை வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் கண்டுகொண்டான். அதைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "அவனுக்கு மீன் வாடை பிடிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அம்மா காலமான பிறகு அப்பா மத்தாயோவோடுதான் வாசம்.

மத்தாயோ அந்தக் காலத்தில் ரோடு ரோலர் ஓட்டியவர். சவாய் தீவின் தார் ரோட்டில் பாதியைத் தானே நசுக்கிப் படுக்க வைத்ததாகச் சொல்லிக்கொள்வார். இப்போது கால் இரண்டும் வீங்கி, சுவரில்லாத அந்த வீட்டின் கடல்பக்கத் தூணோரம் பாயில் சாய்ந்தபடி, போகிற வருகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு லஃபோயிதான் அவருக்கு நாள் முழுக்கத் துணை. இருவரும் சோடா மூடிகளை வைத்துக் கட்டம் ஆடுவார்கள். ஒருவரையொருவர் திருடன் என்று திட்டாமல் ஓர் ஆட்டமும் முடிந்ததில்லை.

அந்த ஆகஸ்டில் வந்தது தந்தையர் தின வம்பு. சாமோவ மொழியில் 'தமா' என்று குறுக்கினால் பையன், 'தமாஆ' என்று நீட்டினால் அப்பா. அந்த மொழியை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுவார்கள், அதில் வித்தியாசம் கடைசி எழுத்தின் தலையில் போடுகிற ஒரு கோடுதான். ஃபுவதினோவின் லாப்டாப்பில் அந்தக் கோடு வராது. ஆக்லாந்தில் ஒரு பள்ளி கழித்துப்போட்ட பழைய பெட்டி அது. வின்டோஸ் ஏற்றினால் மூச்சு முட்டிற்று என்று அவள் அக்கா மகன் லினக்ஸ் போட்டு அனுப்பியிருந்தான். அவள் எப்போதும் கோடில்லாமலே அடிப்பாள், ஊர்க்காரர்களும் பழக்கத்தில் சரியாகவே படித்துக்கொள்வார்கள். அந்த ஞாயிறு பார்த்து வேறு தீவிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். தாளில் இருந்ததை அப்படியே, "பையன்கள் தினத்தை முன்னிட்டு நம் சபையின் பையன்கள் அனைவரும் முன்னே வரவும்" என்று கம்பீரமாக வாசித்தார். எண்பது வயது லஃபோயி தடியை ஊன்றிக்கொண்டு முதல் ஆளாக எழுந்து போனார். தேவாலயமே குலுங்கிற்று.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபுவதினோவுக்கு மட்டும் காது மடல் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் லாப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

விசைப்பலகை அமைப்புக்குள் அவள் அதுவரை போனதே இல்லை. உள்ளே மொழிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. பெயர் கேள்விப்படாத நாடெல்லாம் இருந்தது, சாமோவா இல்லை. மேலும் கீழுமாகத் தேடி, கடைசியில் அமெரிக்க ஆங்கிலத்தில் 'பன்னாட்டு' என்று ஒரு வகை இருப்பதைப் பார்த்தாள். அதைத் தேர்ந்து ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தாள். வலப்பக்க ஆல்ட், ஷிஃப்ட், மூன்று இவற்றை ஒருசேர அழுத்திவிட்டு 'அ' தட்டியபோது, தலையில் கோடு போட்ட எழுத்து திரையில் வந்து நின்றது. அவளுக்குக் கை கொட்டத் தோன்றியது. 'தமாஆ' என்று அடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினாள்.

"பாருங்கப்பா. இப்ப நீங்க அப்பா."

மத்தாயோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இத்தனை வருஷம் என்னைப் பையனாவே வெச்சிருந்தியா? அதான் மேலெல்லாம் இப்படி வலிக்குது. வளர்ற வலி."

"அப்ப நான்?" என்று கட்டத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார் லஃபோயி.

"நீ எந்தக் கோடு போட்டாலும் திருடன்தான்."

அதன் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை, விடியும் வேளையில், கோக்கோ கொண்டுவரச் சொல்லிவிட்டு மத்தாயோ கண்ணை மூடினார். அவள் கிண்ணத்தோடு திரும்பியபோது மூச்சு இல்லை. மருத்துவர் போன மாதமே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தும் என்ன? ஃபுவதினோ கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். சூடு விரலைப் பொசுக்கியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

லஃபோயி ஓடிவந்தார், பெண்கள் வந்தார்கள், குடும்பத் தலைவரான சித்தப்பா தாபுசோவா வந்தார். வந்தவர் மெதுவாக அவள் தோளைத் தொட்டார். "வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணுமேம்மா. நீதான் எழுதணும்."

ஊரில் எந்தச் சாவுக்கும் அவள்தான் எழுதுவாள். உட்கார்ந்தாள். அப்பாவின் பெயரை அடிக்க விரல் வரவில்லை. பெயரை அடித்துவிட்டால் அது நிச்சயமாகிவிடும் போல இருந்தது. இரண்டே வரி எழுதினாள். என் அப்பா காலமாகிவிட்டார். வியாழன் அடக்கம், வர முடிந்தவர்கள் வாருங்கள். கீழே தன் பெயர். கண்ணீர் மறைத்ததில் திரை கலங்கலாகத் தெரிந்தது. எழுத்தின் தலையில் ஏதோ ஒரு கோடு மாதிரி இருந்தது, சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். ஒரே அழுத்து. வெளியூரில் இருக்கிற எல்லாருக்கும் போய்விட்டது.

உடம்பைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, நடு வீட்டில் பாய்களின் மேல் கிடத்திக்கொண்டிருக்கும்போதே முதல் அழைப்பு வந்தது. பிரிஸ்பேனிலிருந்து தலாய்தா என்கிற பெண். பேச்சே வரவில்லை, ஓலம் மட்டும்.

"அக்கா... எப்படிக்கா? நேத்து ராத்திரிதானே பேசினாரு! நல்லாத்தானே இருந்தாரு!"

அப்பா நேற்று இவளோடு எப்போது பேசினார் என்று ஃபுவதினோவுக்கு விளங்கவில்லை. "ஆமாம்மா, காலையிலதான். அவதிப்படாம போயிட்டாரு."

"எங்கம்மா என்ன பண்றாங்க? அம்மாகிட்ட போனைக் குடுங்க!"

"உங்கம்மாவா? இங்கதான் இருக்காங்க, பூ கட்டிக்கிட்டு..."

"பூ கட்டுறாங்களா?" தலாய்தாவின் குரல் உடைந்து போயிற்று. "ஐயோ, அழக்கூட இல்லையா அவங்க?"

ஃபுவதினோ வெளியே எட்டிப் பார்த்தாள். "தலாய்தா, உங்கப்பா கல்லடுப்புக்கு விறகு பிளந்துக்கிட்டிருக்காரு. இங்கேருந்தே எனக்குத் தெரியறாரு. நீ யாரைச் சொல்றே?"

"நீங்கதானே அனுப்பினீங்க?"

"நான் என்ன அனுப்பினேன்? படி."

தலாய்தா படித்தாள். "உன் அப்பா காலமாகிவிட்டார்."

சாமோவ மொழியில் 'என்' என்பதற்கும் 'உன்' என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு தொண்டை வெட்டுதான். 'லோ' என்று சொல்லி, மூச்சை ஒரு கணம் அடைத்து, 'உ' என்றால் என். அடைக்காமல் 'லோஉ' என்று வழியவிட்டால் உன். எழுத்தில் அந்த அடைப்புக்கு ஒரு சின்னக் கொக்கி போடுவார்கள், அதை மட்டும் அவள் ஒருநாளும் விட்டதில்லை. இம்முறை அந்தக் கொக்கி போகவில்லை.

வீட்டைச் சுற்றிலும் போன்கள் அடிக்கத் தொடங்கின. ரொட்டிக்கடையில் அடித்தது, போதகர் வீட்டில் அடித்தது, விறகு பிளந்துகொண்டிருந்தவரின் இடுப்பு மடிப்பில் அடித்தது. "உயிரோடதான்டா இருக்கேன்! என் குரல் உனக்குத் தெரியலையா?" என்று யாரோ கத்தினார்கள். அப்பா இறந்து பல வருஷமான ஒருவன் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டு, என்ன விளையாட்டு இது என்று வாய்க்கு வந்தபடி ஏசினான்.

ஃபுவதினோ லாப்டாப்பிடம் ஓடினாள். நிதானமாக, கொக்கி விசையை அழுத்தி அழுத்தி அடித்தாள். மன்னிக்கவும், தவறு நேர்ந்துவிட்டது. காலமானவர் உன் அப்பா இல்லை, என் அப்பா. அனுப்பினாள்.

தலாய்தா மறுபடி கூப்பிட்டாள். இம்முறை அழவில்லை. குரலில் பயம் இருந்தது. "அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு? 'உன் அப்பா இல்லை, உன் அப்பா'ன்னு வந்திருக்கு."

ஃபுவதினோ வெற்றுப் பக்கத்தைத் திறந்து கொக்கி விசையைத் தட்டினாள். எதுவும் வரவில்லை. 'உ' தட்டினாள். தலையில் சாய்ந்த கோடு போட்ட ஓர் 'உ' வந்து நின்றது. அப்போதுதான் விளங்கிற்று. அவள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பன்னாட்டு வகையில் கொக்கி தனியாக வராது. அடுத்து வரும் எழுத்துக்காகக் காத்திருந்து, அதன் தலையில் ஏறிக்கொள்ளும். குறுஞ்செய்தி அனுப்புகிற நிரலோ தலையில் இருப்பதையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும். திரையில் ஏதோ ஒரு கோடு தெரிகிறது என்று அவள் நம்பினாளே, அது இதுதான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் தகப்பனையும் ஒரே அழுத்தில் சாகடித்துவிட்டாள்.

பெட்டியை மூடினாள். அப்பாவின் உடம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினாள். அன்று பொழுது சாய்கிற வரைக்கும், மறுநாள் காலையிலும், "உங்கப்பா நல்லா இருக்காரு, போனது எங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் வாயில் மரத்துப்போனது. அழ நேரமில்லை. ஒருவன் மட்டும் கிடைக்கவே இல்லை, லஃபோயியின் மகன் இயோசுவா. அவன் போன் அணைந்தே கிடந்தது.

இயோசுவா ஆக்லாந்துக்குப் போய் வேறு சபையில் சேர்ந்துவிட்டான் என்பதற்காக லஃபோயி அவனோடு பேச்சை முறித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவன் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது. அதனால் அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஃபுவதினோ தயங்கினாள். அந்தத் தயக்கத்திலேயே செவ்வாய்க்கிழமை மதியம் ஆகிவிட்டது.

படகுத்துறைப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. பின்னால் சாவு வீட்டுக்குச் சீராகக் கொண்டுவரும் மாட்டிறைச்சி டப்பாப் பெட்டிகளும் பெரிய பாய்ச் சுருளும் இருந்தன. இறங்கியவன் தன் வீட்டைத்தான் முதலில் பார்த்தான். அங்கே ஈ காக்கை இல்லை, எல்லாரும் அடுத்த வீட்டில். அங்கே கூட்டம், வெள்ளைப் பூ, நடுவில் முகத்தில் சல்லா போர்த்திய உடம்பு. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெண்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, அந்தக் கால்களின் மேல் விழுந்தான்.

"அப்பா! வந்துட்டேம்பா! பேசுங்கப்பா! திட்டவாவது திட்டுங்கப்பா!"

வந்தவன் யாரென்று யாருக்கும் பிடிபடவில்லை. ஃபுவதினோவுக்கு மட்டும் புரிந்தது. அவன் வீங்கிய அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு முகத்தை உரசி உரசி அழுதான். கொல்லைப்புறமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த லஃபோயி, சத்தம் கேட்டுத் துருவலும் கையுமாக உள்ளே வந்தார்.

"யாருடா அது, மத்தாயோ மேல விழுந்து பிராண்டுறது?"

இயோசுவா தலையைத் திருப்பினான். தொண்டையிலிருந்து வந்தது மனிதச் சத்தமாகவே இல்லை. பின்னால் நகர்ந்து, தூணில் இடித்து, அப்படியே உட்கார்ந்தான். ஒரு கிழவி "இயேசுவே!" என்று அலறினாள். லஃபோயியின் கையிலிருந்து தேங்காய் ஓடு விழுந்து உருண்டது.

"நீங்க..." என்றான் இயோசுவா. "நீங்க செத்துட்டீங்க."

"யாரு சொன்னா?"

அவன் பைக்குள் தடுமாறிப் போனை எடுத்து நீட்டினான். கிழவர் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். அனுப்பியவர் ஃபுவதினோ. படித்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் பயந்துபோயிருந்தார். உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி போவது சின்ன விஷயமா? தன் வீட்டுக்குப் போய், ஓலைத் தட்டியை நான்கு பக்கமும் இறக்கிவிட்டார். மகன் வெளியே, பெட்டிகளுக்கு நடுவில் நின்றான்.

"மாமா, தெரியாம... கொக்கி விசை..." என்று ஃபுவதினோ பின்னாலேயே போய்ச் சொன்னது தட்டியில் பட்டுத் திரும்பிவந்தது.

தாபுசோவா அவள் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தார். "விசை, கிசையெல்லாம் அவருக்கு எதுக்கு? பேரு நம்ம வீட்டுப் பேரு. நாம போய் உட்காரணும்."

"அப்பா நடு வீட்டுல கிடக்கிறப்பவா?"

"உங்கப்பா இருந்திருந்தா உனக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருப்பாரு."

புதன்கிழமை வெளிச்சம் வரும்போதே அவர்கள் போனார்கள். லஃபோயியின் வீட்டு வாசலில், சரளைக் கல்லின் மேல், தாபுசோவாவும் ஃபுவதினோவும் இன்னும் சில உறவினரும் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். குடும்பத்தின் பழைய நெசவுப் பாயை, பட்டுபோல் மெல்லியதை, ஃபுவதினோவின் தலைக்கு மேல் போர்த்தினார்கள். வீட்டுக்காரர் வந்து பாயை எடுத்தால் மன்னித்தார் என்று பொருள். எடுக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். வெயில் ஏறிற்று. பாயின் நெசவு வழியே புள்ளி புள்ளியாக வெளிச்சம். கால் முட்டியில் கல் குத்திற்று. உள்ளே யாரோ இருமுவது கேட்டது. பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு கட்டத்தில் மழைத் தூறலும் வந்து போனது. யாரும் அசையவில்லை.

கடைசியில் தட்டி ஏறுகிற சத்தம். தடி ஊன்றும் சத்தம். பாய் தலையிலிருந்து எழும்பியது. லஃபோயி நின்றார். அவருக்குப் பின்னால் இயோசுவா, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு.

"எழுந்திரும்மா," என்றார் கிழவர். "உன் மேல எனக்கு வருத்தம் இல்ல. நேத்து பயந்துட்டேன், அவ்வளவுதான். அவன் அழுதானே... நான் செத்தா எப்படி அழுவான்னு பார்த்துட்டேன். எந்தத் தகப்பனும் அதைப் பார்க்கக் கூடாது."

மகனைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எனக்குன்னு கொண்டுவந்த பாயெல்லாம் மத்தாயோவுக்கு எடுத்துட்டுப் போ. எனக்கு அப்புறம் வாங்கிக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல."

"சரிப்பா," என்றான் இயோசுவா. அவர்கள் இருவரும் ராத்திரி என்ன பேசினார்கள், பேசினார்களா இல்லையா என்பது ஊருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மத்தாயோவை வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்தார்கள். பெட்டி தூக்கியவர்களில் இயோசுவாவும் ஒருவன்.

ஃபுவதினோ பல நாள் லாப்டாப்பைத் தொடவில்லை. தேவாலயத் தாள் இல்லாமல் இரண்டு ஞாயிறு போயிற்று. பெண்கள் குழுத் தலைவி வந்து, "நீ எழுதி அப்பாங்க மட்டும்தான் செத்தாங்க. வேற யாராவது எழுதினா ஆடு மாடெல்லாம் செத்துடும்டி, நீயே எழுது" என்று சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மறுபடி அந்தப் பட்டியலுக்குள் போனாள். இம்முறை ஒவ்வொரு பெயராகப் படித்தாள். நியூசிலாந்துக்குக் கீழே மாவோரி என்று இருந்தது. அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மொழியான அதிலும் தலைக்கோடு உண்டு, சொந்தக்கார மொழிதான். அதைத் தேர்ந்தாள். வலப்பக்க ஆல்ட்டோடு எழுத்தை அழுத்தினால் கோடு வந்தது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொக்கியைத் தட்டினாள். கொக்கி வந்தது, யார் தலையிலும் ஏறாமல், தன்னிடத்தில் நின்றது. பன்னாட்டு வகையைப் பட்டியலிலிருந்தே நீக்கினாள். அதோடும் விடவில்லை. எந்தச் செய்தியானாலும் முதலில் தலாய்தாவுக்கு மட்டும் அனுப்பி, அவளைப் போனில் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்பினாள்.

ஆண்டு முடிவதற்குள் இயோசுவா அப்பாவைப் பேரப்பிள்ளைகளிடம் அழைத்துப் போக மறுபடி வந்தான். குளிருக்கென்று கொண்டுவந்த கோட்டை இங்கேயே மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, லஃபோயி படகுத்துறையில் நின்றார். ஃபுவதினோ வழியனுப்ப வந்திருந்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் சேதி சொல்லுங்க மாமா."

"சொல்றேன். நீ யாருக்கும் சொல்லாதே," என்று சொல்லிவிட்டு அவர் படகில் ஏறினார்.

திரும்பும்போது பேருந்தில் நிற்க இடமில்லை. முன்பின் தெரியாத ஒரு தடித்த பெண்மணி, ஊர் வழக்கப்படி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். வண்டி புறப்பட்டது. ஜன்னல் வழியே கடல் வந்தது, போயிற்று. ஃபுவதினோவுக்கு எங்கிருந்தோ அழுகை கிளம்பி வந்துவிட்டது. அப்பா இறந்த அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஊரெல்லாம் கூப்பிட்டு உங்கப்பா இருக்காரு, உங்கப்பா இருக்காரு என்று சொன்னவளுக்கு, தன் அப்பா இல்லை என்பது அந்த மடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. வாய்விட்டு, தோள் குலுங்க அழுதாள். பேருந்தில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள்.

"யாரும்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண்மணி, அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்தபடி.

"என் அப்பா," என்றாள் ஃபுவதினோ.